உட்காரும்போது கை என்ன செய்கிறது? தண்டுவடக் காயம்: வாசகர் கேள்வி – பதில்

(தண்டுவடக் காயம் பட்டவர்களோடு நெடுங்காலம் வேலை செய்த பிசியோதெரபிஸ்ட் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் கணவர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து, முதுகில் ஆபரேஷன் ஆகி நான்கு மாதம் ஆகிறது. டிஸ்சார்ஜ் தாளில் ‘டி6, ஏ’ என்று எழுதியிருக்கிறது. கட்டிலில் உட்கார வைத்தால் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கூன் போட்டு உட்காருகிறார். நிமிரச் சொன்னால் எரிந்து விழுகிறார். ஆஸ்பத்திரியில் சுவரில் டேப் ஒட்டி, கையை நீட்டச் சொல்லி ‘9 செ.மீ.’ என்று குறித்தார்கள். பக்கத்துத் தெருவில் இதே மாதிரி அடிபட்ட பையன் ஒரு மணி நேரம் உட்காருகிறானாம். இவர் எப்போது அப்படி உட்காருவார்? அந்த 9 எதற்கு?
— ஒரு வாசகி, சங்ககிரி

பதில்: கூனிலிருந்து ஆரம்பிக்கிறேன். கட்டிலில் இருக்கும்போது அவரை நிமிரச் சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். அவர் எரிந்து விழுவதில் நியாயம் இருக்கிறது.

டி6 என்பது மார்புப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது பிரிவு, உடம்பில் நெஞ்செலும்பின் அடிநுனி அளவு. ‘ஏ’ என்றால் முழுமையான காயம். அதற்குக் கீழே அவருக்கு உணர்வும் இல்லை, தசை இயக்கமும் இல்லை. வயிற்றுத் தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஏறக்குறைய டி7-இலிருந்து டி12 வரை கிளம்புகின்றன. ஆக வயிறும் கீழ் முதுகும் அவரைத் தாங்க வராது. நீங்களும் நானும் உட்காரும்போது நமக்கே தெரியாமல் அந்தத் தசைகள் நொடிக்கு நொடி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவர் என்ன செய்கிறார்? இடுப்பெலும்பைப் பின்னால் சாய்த்து, முதுகை வில்லாக வளைத்து, தசைக்குப் பதில் தசைநார்களின் மேல் உடம்பைத் தொங்கவிடுகிறார். அப்போது எடை அகலமான இடத்தில் இறங்குகிறது, விழாமல் இருக்கிறார். யாரும் கற்றுத்தராமல் உடம்பே கண்டுபிடித்த வழி இது. நீங்கள் தோளைப் பிடித்து நிமிர்த்தினால் எடை முன்னால் போய்விடும், முகம் குப்புற விழுவார்.

அதற்காகக் கூன் நல்லது என்று சொல்ல வரவில்லை. அப்படியே மணிக்கணக்கில் உட்கார்ந்தால் எடையெல்லாம் வால் எலும்புப் பக்கம் ஏறும், அந்த இடத்தில் படுக்கைப் புண் வரும். வருஷக்கணக்கில் முதுகு அப்படியே இறுகியும் போகும். ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டியது வீல்சேர்: சீட் பின்பக்கம் கொஞ்சம் தாழ்வாக, முதுகுத்துணி அவர் அளவுக்கு, கால்மிதி தொடை தட்டையாக இருக்கும் உயரத்தில், அடியில் நல்ல குஷன். அந்தச் சேரில் இருக்கும்போது பாருங்கள், நீங்கள் சொல்லாமலேயே பாதி நிமிர்ந்திருப்பார். ‘நிமிரு, நிமிரு’ என்று சொல்லிச் சொல்லியே எத்தனை வீடுகளில் கணவன் மனைவி பேச்சு நின்றுபோயிருக்கிறது தெரியுமா?

இனி அந்த 9. முதுகைப் பின்சாய்மானத்தில் வைத்து, பாதம் தரையில் படிய உட்கார வைத்து, ஒரு கையைத் தோள் உயரத்துக்கு நீட்டச் சொல்வோம். மணிக்கட்டு நிற்கும் இடத்தை டேப்பில் குறித்துக்கொள்வோம். பிறகு, ‘விழாமல் எவ்வளவு தூரம் முன்னால் போக முடியுமோ போய்விட்டு வாருங்கள்.’ மற்றக் கையைக் காற்றில் எப்படி வேண்டுமானாலும் அசைக்கலாம், எதையும் பிடிக்கவோ ஊன்றவோ கூடாது. இரண்டு முறை பழகவிட்டு மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது வழக்கம். ஆக அவர் கை நீளத்துக்கு அப்பால் இன்னும் 9 செ.மீ. போய், யாரும் தொடாமல் திரும்பி வந்திருக்கிறார். போனது பெரிதல்ல, விழுகிறவனும்தான் முன்னால் போகிறான். திரும்பி வந்ததற்குத்தான் மார்க்.

வீட்டில் அந்த எண் உங்களுக்கு உடனே பயன்படும். தண்ணீர்ச் சொம்பு, மாத்திரை டப்பா, செல்போன் எல்லாம் அவர் கையை மட்டும் நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பழக்கத்துக்கு ஒரே ஒரு பொருளை மட்டும் நான்கு விரல் தள்ளி வையுங்கள். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதே மாதிரி நாற்காலியில், அதே கையால் அளக்கச் சொல்லுங்கள். 9 என்பது 14 ஆகியிருந்தால் சந்தோஷப்படலாம். போன முறை கட்டை பெஞ்சில் அளந்துவிட்டு இந்த முறை மெத்தையில் அளந்தால் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

பக்கத்துத் தெருப் பையன் ஒரு மணி நேரம் உட்காருவதைக் கேட்டுக் கலங்காதீர்கள். அவனுக்கு எந்த இடத்தில் அடி? டி12 என்றால் அவனுக்கு வயிற்றுத் தசை வேலை செய்யும். அதோடு, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருகிறவன் அந்த ஒரு மணி நேரமும் ஒரு டம்ளர் டீ கூடக் குடிக்க முடியாது. ஒரு கையை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சாப்பிடலாம். இரண்டையும் எடுக்க முடிந்தால் சட்டை பட்டன் போடலாம். நான் நிமிடத்தைக் கேட்பதில்லை. கை எங்கே இருந்தது என்று கேட்பேன்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள்: டி-ஷர்ட் போட்டுக் கழற்றச் சொல்லி நேரம் பார்ப்பது. உங்கள் வீட்டில் பனியன் போதும். பனியன் தலைக்குள் போகும் அந்த ஒரு கணத்தில் இரண்டு கையும் மேலே இருக்கும், கண்ணும் மறைந்திருக்கும். கால், இடுப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தோலும் மூட்டும் சொல்வதில்லை, கண்தான் சொல்கிறது. கண் மறையும்போது எவ்வளவு ஆடுகிறார் என்பதில் நிறைய விஷயம் தெரியும். கெட்டியான கட்டிலில், பாதம் தரையில் படிய உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தலையணை போட்டு, முன்னால் ஒருவர் நின்றுகொண்டு செய்யுங்கள். கயிற்றுக் கட்டில் வேண்டாம், அது குழியும். தனியாக இருக்கும்போது செய்யவே கூடாது.

பீரோ கண்ணாடி இருந்தால் அதன் எதிரே உட்கார வையுங்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்ட்வில் ஆஸ்பத்திரியில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன் கண்ணாடி முன்னால் உட்கார வைத்துத்தான் பழக்கினார். முதுகின் அகன்ற தசை ஒன்று கையில் தொடங்கி இடுப்பெலும்பு வரை போகிறது. அதற்கு நரம்பு கழுத்திலிருந்து வருவதால் உங்கள் கணவருக்கு அது முழுசாக வேலை செய்யும். செத்த இடத்துக்கும் உயிருள்ள இடத்துக்கும் நடுவே அவருக்கு மிச்சமிருக்கும் பாலம் அது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பழகப் பழக, அந்தத் தசை வழியாக இடுப்பு சாய்வதை அவர் உணரத் தொடங்குவார்.

கேள்வி: மகனுக்கு பைக் விபத்து, டி10, ‘ஏ’. ஆறு மாதத்தில் கை ஊன்றாமல் நன்றாக உட்காருகிறான். பேலன்ஸ் வந்துவிட்டது, அடுத்தது நடைதானே?
— ஒரு தந்தை, விருத்தாசலம்

பதில்: இல்லை ஐயா. மென்று முழுங்காமல் சொல்லிவிடுகிறேன். உட்காரும் பேலன்ஸ் கூடுவது பெரும்பாலும் கற்றுக்கொண்டதால் வருவது. தலையை எங்கே வைத்தால் விழமாட்டோம், தோளை எப்படித் திருப்ப வேண்டும் என்று உயிருள்ள பாகம் பழகிக்கொள்கிறது. நரம்பு திரும்புகிறதா என்பதற்குத் தனிச் சோதனை: குண்டூசி நுனி, பஞ்சு, ஒவ்வொரு தசையின் பலம், கடைசியில் ஆசனவாயில் உணர்வும் இறுக்கமும் இருக்கிறதா என்பது. அங்கே எதுவும் இல்லையென்றால் ‘ஏ’. உணர்வு மட்டும் இருந்தால் ‘பி’. அசைவும் இருந்தால் பலத்தைப் பொறுத்து ‘சி’, ‘டி’. (இவை காயத்தின் தர எழுத்துகள். டி10, சி6 என்பதில் வரும் டி, சி காயத்தின் இடம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சொன்னால் கூச்சப்பட்டுச் சிலர் அந்தப் பரிசோதனையைத் தவிர்த்துவிடுகிறார்கள். தவிர்க்கக் கூடாது. மகனுக்கு இன்னொரு முறை முழுசாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் ‘ஏ’ என்றால், கால் நடக்கும் அளவுக்கு அது மாறுவது மிக அரிது.

ஆனால் ‘உட்கார்வதோடு முடிந்ததா’ என்ற கேள்வி உங்கள் கடிதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. வேலூர் சிஎம்சி-யில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டது. வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக முன்னின்றார். கத்தி பிடித்த கை ஆடாமல் இருக்க அவருடைய உடம்பு எவ்வளவு கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். டி10 மகனுக்கு வயிற்றில் மேல்பாதித் தசை இருக்கிறது. தரையிலிருந்து சேருக்கு ஏறுவது, பஸ் சீட்டுக்கு மாறுவது, குளியல் ஸ்டூலில் உட்கார்வது, இதெல்லாம் அடுத்தது. ஈர ஸ்டூல் மட்டும் ஜாக்கிரதை, கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தென்னை ஏறும்போது விழுந்தேன், சி6. காலை நீட்டி உட்காரும்போது கையைப் பின்னால் ஊன்றச் சொல்கிறார் பிசியோ. விரலை மடக்கியே வைக்க வேண்டுமாம். என் மாமாவோ தினமும் எண்ணெய் போட்டு விரலை நீட்டி நீட்டி விடுகிறார். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, பிசியோ பக்கம்தான் என் ஓட்டு. சி என்பது கழுத்துப் பகுதித் தண்டுவடம். முழங்கையை நீட்டும் தசைக்கு நரம்பு சி7-இலிருந்து வருகிறது. உங்களுக்கு அது இல்லை. அதனால் தோளை வெளிப்பக்கம் திருப்பி, முழங்கை எலும்பை எலும்போடு பூட்டுகிறீர்கள். தசையில்லாமலே கை தூணாக நிற்கிறது. எங்கள் வார்டில் இதற்கு ‘எல்போ லாக்’ என்றுதான் பெயர்.

விரல் சங்கதி வேறு. மணிக்கட்டை மேலே தூக்க உங்களால் முடியும். அப்படித் தூக்கும்போது விரல்கள் தானாக மடங்கிக்கொள்கின்றன, டம்ளர் பிடிபடுகிறது. விரல் தசைநார்கள் கொஞ்சம் குட்டையாக, இறுக்கமாக இருப்பதால்தான் அது நடக்கிறது. மணிக்கட்டைப் பின்பக்கம் வளைத்து விரலையும் நீட்டி ஊன்றினாலோ, மாமா செய்வது போல இரண்டையும் ஒரே நேரத்தில் நீட்டிவிட்டாலோ அந்த இறுக்கம் போய்விடும். டம்ளரும் போய்விடும். எண்ணெய் தேய்க்கட்டும், பிரியமாகத்தானே செய்கிறார். விரலை நீட்டும்போது மணிக்கட்டைக் கீழே தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டைத் தூக்கும்போது விரலை மடக்கச் சொல்லுங்கள்.

தொடைப் பின்தசையிலும் இதே கணக்கு உண்டு. மல்லாந்து படுத்துக் காலை நேராகத் தூக்கினால் 100, 110 டிகிரி வர வேண்டும். அது வராவிட்டால் காலை நீட்டி உட்காரும்போது இடுப்பு பின்னால் இழுக்கும். அதற்கு மேல் தளர்த்தினால் உட்காரும்போது முட்டுக்கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. கீழ் முதுகின் இறுக்கத்தைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: பிசியோதெரபி இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் போஸ்டிங்கில் எல்லோருக்கும் பெர்க் பேலன்ஸ் ஸ்கேல்தான் போடுகிறோம். தண்டுவடக் காயத்துக்கு அது பொருந்துமா?
— ஒரு மாணவி, திருச்சி

பதில்: பெர்க்கில் 14 பணிகள், மொத்தம் 56 மதிப்பெண். எழுந்து நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது, சுற்றித் திரும்புவது என்று ஏறக்குறைய எல்லாமே காலில் நடப்பவை. சாய்மானமின்றி உட்கார்வதற்கு ஒரே ஒரு பணி, அதிலும் கையைக் கட்டிக்கொண்டு 2 நிமிடம் உட்கார்ந்தால் முழு 4. நிற்க முடியாதவருக்கு இதைப் போட்டால் சேர்ந்த அன்றும் ஒற்றை இலக்கம், வீட்டுக்குப் போகும் அன்றும் கிட்டத்தட்ட அதே. நடுவில் அவர் சட்டை போடவும் செருப்பைக் குனிந்து எடுக்கவும் கற்றிருப்பார், தாள் அதைப் பார்க்காது. நடக்கத் தொடங்கிய ‘டி’ தரக் காயக்காரருக்கு பெர்க் நன்றாகவே உதவும்.

உட்காருபவர்களுக்கு ‘ஃபிஸ்ட்’ (ஃபங்ஷன் இன் சிட்டிங் டெஸ்ட்) பாருங்கள். அதுவும் 14 பணிகள், 56 மதிப்பெண், ஆனால் எல்லாமே கட்டில் விளிம்பில்: முன்னால், பின்னால், பக்கத்தில் லேசாகத் தள்ளிப் பார்ப்பது, கண்ணை மூடி உட்கார்வது, பின்னாலிருந்து பொருளை எடுப்பது, தரையிலிருந்து எடுப்பது, பிட்டத்தை நகர்த்தி முன்னும் பின்னும் போவது. பக்கவாதக்காரர்களுக்காக வந்தது என்பதை மட்டும் மறக்காதீர்கள். காலைத் தூக்கும் பணி ‘ஏ’ வகைக்காரருக்கு எந்நாளும் வராது. அதற்கு அவர் பேலன்ஸ் காரணமில்லை.

எனக்குப் பிடித்த ஜோடி: கை நீட்டும் தூரமும் பனியன் நேரமும். ஒன்று ஒரு திசையை மட்டும் அளக்கிறது, இன்னொன்று உடம்பு முழுக்கச் சேர்ந்து வேலை செய்வதைக் காட்டுகிறது. எந்தச் சோதனையானாலும் ஓரத்தில் நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்த இருக்கை, பாதம் ஊன்றியிருந்ததா, வயிற்றுப் பெல்ட் இருந்ததா, தசை இழுப்பு அன்றைக்கு எப்படி. அடுத்த வாரம் அளக்க வருபவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள்.

கேள்வி: தம்பிக்குப் போன மாதம் டி8. வழக்கமான பயிற்சிக்கு மேல் ‘சிட்டிங் பேலன்ஸ் ஸ்பெஷல்’ என்று தனிக் கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: அவசரம் வேண்டாம். டாக்காவுக்கு அருகே சாவரில், 1979-இல் வேலரி டெய்லர் என்ற ஆங்கிலேய பிசியோதெரபிஸ்ட் தொடங்கிய சிஆர்பி என்ற மறுவாழ்வு மையம் இருக்கிறது. அங்கும் ஆஸ்திரேலியாவிலுமாகச் சேர்ந்து, புதிதாக அடிபட்டவர்களிடம் இதையே சோதித்துப் பார்த்தார்கள். 2011-இல் முடிவு வெளிவந்தது. வழக்கமான சிகிச்சைக்கு மேல் வாரம் மூன்று முறை, அரை மணி நேரம், ஆறு வாரம் உட்காரும் பயிற்சி கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. உடை மாற்றுவது, சேருக்கு மாறுவது, தட்டில் சாப்பிடுவது என்று வழக்கமான நாளே உட்காரும் பயிற்சிதானே. அந்தப் பணத்தில் நல்ல குஷன் வாங்குங்கள். ஓராண்டு தாண்டி வீட்டில் முடங்கிவிட்டவர்களுக்குத் தனிப் பயிற்சியால் ஓரளவு பலன் கிடைத்ததாக வேறு ஆய்வு உண்டு. அது உங்கள் தம்பி கதையல்ல.

கேள்வி: அப்பாவுக்கு டி4. உட்கார வைத்தால் சில நாள் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்கிறார். சில நாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகமெல்லாம் வியர்வை. உடனே படுக்க வைத்துவிடுகிறோம். சரிதானே?
— ஒரு வாசகர், நெய்வேலி

பதில்: முதலாவதற்குச் சரி, இரண்டாவதற்கு ஆபத்து. இது பேலன்ஸ் பிரச்சினையே அல்ல, பிரஷர் பிரச்சினை. கண் இருட்டினால் ரத்த அழுத்தம் இறங்குகிறது: சேரைப் பின்னால் சாய்த்துக் காலைத் தூக்குங்கள். அடுத்த நாளிலிருந்து வயிற்றுப் பெல்ட்டும் காலுக்கு இறுக்கமான சாக்ஸும் போட்டு, தலைமாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி உட்கார வையுங்கள். மண்டையைப் பிளக்கும் தலைவலியும் காயத்துக்கு மேலே வியர்வையும் வந்தால் அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது. டி6-உம் அதற்கு மேலும் அடிபட்டவர்களுக்கு வருவது. அப்போது படுக்க வைக்கவே கூடாது. நேராக உட்கார வைத்து, பெல்ட், சாக்ஸ், லுங்கி முடிச்சு எல்லாம் தளர்த்தி, யூரின் டியூப் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் மூத்திரப்பைதான் காரணம், அடுத்தது மலச்சிக்கல். சில நிமிடத்தில் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரி. அங்கே ‘டி4, ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா’ என்று சொல்லுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: வீல்சேர் பாஸ்கெட்பால் ஆட ஆரம்பித்திருக்கிறேன். நண்பனுக்கு 1 பாயின்ட், எனக்கு 3. அவன் என்னைவிட வேகமாகத் தள்ளுகிறான். இது என்ன கணக்கு?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: கேட்டதும் சிரித்துவிட்டேன், ஏனென்றால் இத்தனை நேரம் நான் சொன்னதையே அவர்கள் மைதானத்தில் வைத்து அளக்கிறார்கள். அது திறமைக்கான மார்க் அல்ல. உடம்பை எந்தத் திசையில், கை ஊன்றாமல், எவ்வளவு தூரம் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர முடிகிறது என்பதற்கு 1-இலிருந்து 4.5 வரை பாயின்ட். உங்கள் நண்பர் முன்னால் குனிந்தால் கையால் தள்ளித்தான் எழுகிறார், அது 1. நீங்கள் தரையிலிருந்து பந்தை எடுத்துவிட்டுக் கையில்லாமலே நிமிர்கிறீர்கள், ஆனால் பக்கவாட்டில் சாய்ந்தால் சமாளிக்க முடிவதில்லை, அது 3. பக்கவாட்டிலும் கட்டுப்பாடு இருந்தால் 4, அதற்கு மேல். களத்தில் நிற்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக்கூடாது. ஆகவே வேகமாகத் தள்ளும் 1 பாயின்ட்காரர் கோச்சுக்குத் தங்கம், அவரால்தான் 4.5 ஒருவரை உள்ளே இறக்க முடிகிறது.

வகைப்படுத்துபவர்கள் நீங்கள் ஆடும் சேரில், நீங்கள் கட்டும் பட்டைகளோடு, ஆடும்போதே பார்ப்பார்கள். ஆகவே அன்றைக்குக் கடன் வாங்கிய சேரில் போய் உட்காராதீர்கள். தினமும் ஆடுவது போலவே தயாராகிப் போங்கள்.